குன்றுச் சரிவில் இரு வாசல் வீடு

பிரம்மபுத்திராவின் தென்கரையில், குன்றுகளும் தாழ்நிலங்களும் மாறி மாறி அமைந்த நகரம் குவாஹாட்டி. மேற்கே நீலாசலக் குன்றின்மீது காமாக்யா தேவி கோயில் கொண்டிருக்கிறாள். அக்குன்றுக்கு அருகிலேயே, 1958-ஆம் ஆண்டில் தோன்றிய வடகிழக்கு எல்லைப்புற ரயில்வேயின் தலைமையகமான மாலிகாவ் இருக்கிறது. உத்தியோக நிமித்தம் இங்கு வந்து குவார்ட்டர்ஸில் வாழும் நம்மவர் அனைவரையும், ஓய்வு பெறும் நாளில் ஒரு கேள்வி எதிர்கொள்கிறது: இனி எங்கே குடியிருப்பது?

ஊரிலே தனித்திருக்கும் பெற்றோரையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களோ, "தனி அடுப்பும் தனி வாசலும் உண்டானால் வருகிறோம்" என்கிறார்கள். ஆகவே ஒரே கூரையின் கீழ் இரு குடித்தனங்களுக்கு இடம் தேடி, எங்களில் மூன்று குடும்பத்தார் சென்ற மார்கழியில் குன்றோரப் பகுதிகளைச் சுற்றிப் பார்த்தோம். மழைக்காலத்தில் தாழ்நிலத்தில் தண்ணீர் தேங்குவதைக் கண்டவர்களுக்குச் சரிவு நிலத்தின்மேல் ஆசை பிறப்பது இயல்பே.

ஆனால் அழகிய மனையெல்லாம் வாங்கத்தக்க மனை அன்று. அஸ்ஸாமில் மியாதிப் பட்டாவே கைமாற்றத்தக்க நிலையான உரிமையைத் தருவது. ஏக்சனியா என்னும் ஓராண்டுப் பட்டாவில் அவ்வுரிமை இல்லை. பழங்குடியினர்க்கென ஒதுக்கிய வட்டங்களில் நம் போன்றோர் நிலம் வாங்கச் சட்டம் இடங்கொடாது. குன்றுகளில் காப்புக்காடுகளும் உண்டு. ஆதலால் காட்சியைப் பார்ப்பதற்கு முன் பட்டாவைப் பார்ப்பதே உசிதம்.

அடுத்தது பூமியின் குணம். 1897 ஜூன் 12-இல் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் இப்பிரதேசத்துக் கல் கட்டடங்கள் இடிந்து வீழ்ந்தன. அதன்பின் பரவியதே 'அஸ்ஸாம் மாதிரி' வீடு: மரச்சட்டம், இக்ரா நாணலின்மேல் பூச்சிட்ட சுவர், தகரக் கூரை. பாரம் குறைவாதலால் அசைந்து கொடுக்கும். பழைய தெருக்களில் இன்னும் சில நிற்கின்றன. அவற்றைக் கண்டு வியந்தோம்.

இன்று கான்கிரீட்டில் கட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சரிவில் எழுப்பும் வீட்டில் பள்ளத்துப் பக்கத் தூண்கள் நெடியனவாகவும், மேட்டுப் பக்கத் தூண்கள் குட்டையாகவும் அமையும். நிலம் குலுங்கும்போது குட்டைத் தூண்களே மிகுந்த விசையைத் தாங்க நேர்ந்து முதலில் பிளக்கும். எனவே தேர்ந்த பொறியாளரின் கணக்கின்றி அஸ்திவாரம் தோண்டலாகாது.

மூன்றாவது, தண்ணீர். இங்குள்ள செம்மண் மழையில் ஊறினால் சரியக்கூடியது. குன்றை வெட்டிய இடத்தில் தாங்குசுவர் வேண்டும். சுவரின் பின்னே தேங்கும் நீர் வெளியேறத் துளைகள் வேண்டும். தாங்குசுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் இடைவெளியும் வடிகாலும் விடாவிட்டால், கீழ்ப்பகுதியில் ஓதம் ஏறும். நம் மனையின் மழைநீரைக் கீழ்மனைக்காரர் தலையில் விடுவதும் முறையன்று.

இவ்வளவும் அமைந்துவிட்டால், சரிவு நிலம் தரும் சௌகரியம் சமநிலத்தில் கிடையாது. இரு தளங்களுக்கும் மண்ணிலிருந்தே தனித்தனி வாசல் வைக்கலாம். ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து மற்றவர் ஏற வேண்டியதில்லை.

எந்தத் தளம் யாருக்கு? சாலையிலிருந்து கீழிறங்கும் ஒரு மனையில் நின்று, ஆற்றின் அழகு தெரியும் மேல்தளம் எங்களுக்கு என்று பேசிக்கொண்டிருந்தோம். உடன் வந்த அம்மையார் ஒருவர், "ஆற்றையே பார்க்கிறீர்களே, படியை எண்ணிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். எண்ணினோம், கீழ்த்தளத்துக்கு இருபத்திரண்டு படிகள் வேண்டியிருந்தன. முழங்கால் நோவுள்ள பெரியவர்களைக் கீழே குடியமர்த்தினால், தனி வாசல் இருந்தும் அவர்கள் சிறைப்பட்டவர்களே ஆவார்கள்.

சாலை மட்டத்துத் தளம் பெற்றோருக்கு, படியிறங்கும் தளம் இளையோருக்கு என்பதே எங்கள் முடிவு. மனை இன்னும் அமையவில்லை. பட்டா விசாரணை நடக்கிறது. சரிவில் வீடு கட்ட நினைக்கும் சங்க அன்பர்கள், தண்ணீர் செல்லும் வழியையும் முதியோர் நடக்கும் வழியையும் முதலில் வரைந்துகொண்டு, அதன்பின் அறைகளை வரைவார்களாக.