பேட்ரிக் ஜேனும் எங்க அம்மாவும்

முதல்லயே ஒரு எச்சரிக்கை. நீங்க ‘தி மென்டலிஸ்ட்’ இன்னும் பாக்கலன்னா, இந்தக் கட்டுரையில முடிவு வரைக்கும் போட்டு உடைக்கப் போறேன். சீரியல் முடிஞ்சு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, அதனால என்மேல கோவப்படாதீங்க.

நான் விழுப்புரத்துலேர்ந்து தினமும் திண்டிவனம் வந்து போற ஆளு. காலையில மின்சார ரயில்ல ஏறுனா முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், அப்புறம் திண்டிவனம். மென்டலிஸ்ட் ஒரு எபிசோடு சுமார் 42 நிமிஷம். ரயிலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். முண்டியம்பாக்கத்துல ஒரு பிணம் கிடைக்கும், மயிலம் வர்றப்போ கொலைகாரன் மாட்டிக்குவான். ஏழு சீசன், 151 எபிசோடு. போன வருஷ அட்டெண்டன்ஸ் எனக்கு நல்லா இருந்ததுக்கு ஒரே காரணம் இதுதான்.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். பேட்ரிக் ஜேன் ஒரு போலி ஜோசியக்காரன். டிவியில உக்காந்து, ரெட் ஜான்ங்கற தொடர் கொலைகாரனப் பத்தி திமிரா பேசுவான். அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போனா, பொண்டாட்டியும் சின்னப் பொண்ணும் கொலையாகிக் கிடப்பாங்க. சுவத்துல ரத்தத்துல வரைஞ்ச ஒரு சிரிப்பு முகம். அதுக்கப்புறம் போலீசுக்கு ஆலோசகரா சேர்ந்து, ஆபீஸ் சோபாவுலயே தூங்கி, டீ குடிச்சு, ரெட் ஜானத் தேடுறதுதான் அவன் வாழ்க்கை. கல்யாண மோதிரத்த மட்டும் கழட்டவே மாட்டான். கூட வேலை பாக்குற மேலதிகாரி தெரேசா லிஸ்பன். ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதோ இருக்குன்னு பாக்குற எல்லாருக்கும் தெரியும், அவங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரியாது.

எங்க கேன்டீன்ல இதுதான் பெரிய சண்டை. ஜேனுக்கு இன்னொரு காதல் வரலாமா, கூடாதா?

கூடாதுன்னு சொன்ன கட்சிக்கு நல்ல பாயின்ட் இருந்துச்சு. பொண்டாட்டிய இழந்த துப்பறிவாளன்ங்கறது எழுதறவங்களுக்கு ரொம்ப வசதியான ஆளு. ராத்திரி வீட்டுக்குப் போக வேண்டியதில்ல. உயிருக்குப் பயமில்ல. “இன்னிக்காவது சீக்கிரம் வாங்க”ன்னு போன் வராது. அந்தத் துக்கம்தான் வண்டிக்கு டீசல். அத எடுத்துட்டா வண்டி நின்னுடும். ‘மங்க்’ சீரியலப் பாருங்கன்னு ஒருத்தன் சொன்னான். 2002லேர்ந்து 2009 வரைக்கும் எட்டு சீசன் ஓடுச்சு. ஏட்ரியன் மங்க்கோட மனைவி ட்ரூடி கார் குண்டுல செத்துப் போவாங்க. கடைசி வரைக்கும் அவர் இன்னொருத்தரக் கல்யாணம் பண்ணிக்கல. முடிவுல கிடைக்கிறது புதுக் காதலி இல்ல, ட்ரூடிக்கு முன்னாடியே பிறந்திருந்த ஒரு பொண்ணு. அந்த உறவே அவருக்குப் போதும்னு கதை முடியும்.

நான் எதிர்க்கட்சி. “துக்கம்ங்கறது பாண்டு பத்திரமாடா, ஆயுசு முழுக்க கட்டுறதுக்கு?”ன்னு கேட்டேன். நம்ம ஊரு உதாரணமும் எடுத்து விட்டேன். 2006ல வந்த ‘வேட்டையாடு விளையாடு’. டிசிபி ராகவனோட மனைவி கயல்விழிய ரவுடிங்க கொன்னுடுவாங்க. அப்புறம் ஆராதனா வருவாங்க, கைக்குழந்தையோட, ஒரு கல்யாணம் கசந்து போய். அந்த ரெண்டு பேரும் சேரணும்னு நாம எல்லாரும் ஆசைப்படலையா? கயல்விழிய மறந்துட்டாருன்னு யாராவது ராகவனத் திட்டுனோமா? கைதட்டல் எனக்குத்தான். அந்த சந்தோஷத்துல ரெண்டு சமோசா கூடுதலா சாப்பிட்டேன்.

இது நடந்தது ஒரு வியாழக்கிழமை. ஞாயித்துக்கிழமை வீட்டுல துவைச்ச துணிய மடிச்சுகிட்டே அம்மா ஒரு விஷயம் சொன்னாங்க.

அப்பா இறந்தப்போ நான் ஒன்பதாவது. நெஞ்சுவலி. அம்மாவுக்கு அப்ப 36 வயசு. அதுக்கப்புறம் ஒரு தனியார் பள்ளிக்கூட ஆபீஸ்ல வேலைக்குச் சேந்தாங்க. அங்க கணக்கு பாக்குற ஒரு சார் இருக்கார். 2021 கொரோனாவுல அவரோட மனைவி போயிட்டாங்க. “அவர் என்கிட்ட ஒண்ணு கேட்டாருப்பா”ன்னு அம்மா ஆரம்பிச்சாங்க. முழுசா சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் எழுந்து வெளிய போயிட்டேன். மூணு நாள் பேசல. சாப்பாட்டு டப்பாவ மட்டும் எடுத்துகிட்டு, ‘போயிட்டு வரேன்’னு கூட சொல்லாம ஸ்டேஷனுக்குப் போனேன்.

கேன்டீன்ல அவ்வளவு பேசுன அதே ஆளுதான். கலிபோர்னியால இருக்குற ஒரு கற்பனை மனுஷனுக்குக் கொடுத்த சலுகைய, எனக்கு இட்லி சுட்டுத் தர்றவங்களுக்குக் கொடுக்க முடியல.

ஏன்னு ரயில்ல உக்காந்து யோசிச்சேன். என் பெரியப்பாவுக்கு மனைவி இறந்து ஒரு வருஷம் முடியறதுக்குள்ள ரெண்டாவது கல்யாணம் ஆச்சு. ‘ஆம்பள எப்படித் தனியா சமாளிப்பான்’னு பாட்டியே பொண்ணு பாத்தாங்க. நானும் பந்தியில உக்காந்து பாயசம் குடிச்சவன்தான். அதே பாட்டி, அதே வீடு. அம்மா விஷயத்துல ஒருத்தரும் வாயத் திறக்கல. பெரியப்பா தனியா இருந்திருந்தா ‘என்னா மனுஷன்’னு ஊரே புகழ்ந்திருக்கும். அம்மா தனியா இருந்ததுக்குப் பாராட்டு கூட இல்ல, அது அவங்க கடமைன்னு விட்டாச்சு.

இன்னொண்ணும் உறுத்துச்சு. ஜேன் அந்த மோதிரத்தப் பல வருஷம் போட்டிருக்கான். ரெட் ஜானக் கொன்னதுக்கு அப்புறமும் போட்டிருக்கான். எப்பக் கழட்டணும்னு அவனே முடிவு பண்றான், கடைசி சீசன்ல. எங்க அம்மாவோட தாலிய, காரியத்தன்னிக்கு நாலு பேரு சுத்தி நின்னு எடுத்தாங்க. அவங்க தயாரான்னு யாரும் கேக்கல. நினைவ வச்சிக்கிற உரிமையும் அவங்களுக்கு இல்ல, விட்டுட்டுப் போற உரிமையும் இல்ல.

யோசிச்சுப் பாருங்க, விதவைத் துப்பறிவாளர்னு எத்தன கதை உங்களுக்கு ஞாபகம் வருது? எனக்கு வந்தது 2012ல வந்த ‘கஹானி’ இந்திப் படம். வித்யா பாலன் கணவனக் கொன்னவனத் தேடிப் பழி வாங்குவாங்க. கூட உதவி பண்ற போலீஸ்காரருக்கு அவங்க மேல பிரியம் வரும். ஆனா அவங்க தனியாத்தான் கிளம்பிப் போவாங்க. நமக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு இல்ல?

சட்டம் எப்பவோ வந்தாச்சு. விதவைகள் மறுமணச் சட்டம் 1856. பெரியார் சின்ன வயசுல விதவையான தன் தங்கை மகளுக்கு, சொந்தக்காரங்க எதிர்ப்ப மீறி மறுமணம் பண்ணி வச்சார். தமிழ்நாடு அரசுல டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பேர்ல விதவை மறுமண உதவித் திட்டமே இருக்கு. பணத்தோட தாலிக்குத் தங்கமும் தர்றாங்க. ஆனா அந்த விண்ணப்பத்துல இல்லாத ஒரு தடை இருக்கு. அது வீட்டுக்குள்ள, துணி மடிக்கிற இடத்துலேர்ந்து எழுந்து போன என்ன மாதிரி ஒரு புள்ள.

நாலாவது நாள் ராத்திரி அம்மாகிட்ட போய் ஒரு பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். “எனக்கு ஓகேம்மா. நீங்க பண்ணிக்கலாம்.”

அம்மா கொஞ்ச நேரம் என்னையே பாத்தாங்க. “நான் உன்கிட்ட பர்மிஷன் கேக்கலப்பா. நடந்தத சொன்னேன். எனக்கு வேணுமா வேணாமான்னு நான் இன்னும் யோசிக்கவே இல்ல. அதுக்குள்ள நீ கோவப்பட்டும் முடிச்சிட்ட, சம்மதிச்சும் முடிச்சிட்ட.”

இப்படி ஒரு அடிய எந்த வைவாவுலயும் நான் வாங்குனதில்ல.

அதனால, கேன்டீன்ல நான் சொன்னதையும் திருத்திக்கிறேன். துப்பறிவாளனுக்குப் புதுக் காதல் வரலாமாங்கற கேள்விக்கு ‘வரணும்’னு சொன்னதும் தப்புதான், ‘கூடாது’ன்னு சொன்னதும் தப்புதான். ஜேன், லிஸ்பன் ஏறுன விமானத்துக்குள்ளயே ஓடிப் போய் மனசத் திறந்தான். 2015 பிப்ரவரியில ஒளிபரப்பான கடைசி எபிசோடுல அவங்களக் கல்யாணம் பண்ணிக்கிட்டான். மங்க் அப்படிப் பண்ணல. ரெண்டுமே எனக்குச் சரியாத்தான் படுது, ஏன்னா ரெண்டு பேரும் அவங்களுக்கான நேரத்துல, அவங்களா முடிவு பண்ணாங்க. ஓட்டு போட நமக்கு யாரும் பூத் ஸ்லிப் கொடுக்கல.

போன வாரம் அம்மா “அப்படி என்னதான்டா பாக்குற ரயில்ல”ன்னு கேட்டாங்க. முதல் எபிசோடு போட்டேன். நான்தான் வசனத்துக்கு அர்த்தம் சொல்லிகிட்டே இருந்தேன். நடுவுல, “இவன் ஏன் வீட்டுக்கே போகாம சோபாவுல படுத்திருக்கான்?”னு கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள அவங்களே, “ஆமா, ஆளில்லாத வீட்டுக்குப் போய் என்ன பண்றது”ன்னாங்க.

எனக்கு இது கடைசி செமஸ்டர். பிளேஸ்மென்ட்ல சென்னையில வேலை கிடைச்சிருக்கு. ஜூன் மாசத்துலேர்ந்து அந்த வீட்டுல அம்மா மட்டும்தான்.

அந்த சார் கேட்டதுக்கு அம்மா இன்னும் பதில் சொல்லல. நானும் கேக்கல. அவங்களா சொன்னா, இந்தத் தடவ கடைசி வரைக்கும் உக்காந்து கேப்பேன், துணிய மடிச்சுகிட்டே.