மனைவி என்பது உதவியா?

வின்சுலோ அகராதி 1862இல் வெளிவந்தது. 67,000க்கும் மேற்பட்ட சொற்கள். பாடாலூரிலிருந்து கல்லூரிக்குத் தமிழ் படிக்கப் போன எனக்கு, வின்சுலோ என்றால் அந்த அகராதியைத் தொகுத்த மைரன் வின்சுலோ மட்டும்தான். ஹாரியட் வின்சுலோவைப் பற்றி வெகுநாள் கழித்தே படித்தேன்.

1819இல், திருமணமான அதே ஆண்டில், ஹாரியட் கணவர் மைரனோடு அமெரிக்காவிலிருந்து கப்பலேறினார். யாழ்ப்பாணத்து உடுவிலில் குடித்தனம். தெரியாத மொழி, கையில் குழந்தைகள். 1824இல் அங்கே பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். 1833இல் உடுவிலிலேயே இறந்தார். வயது 36.

மதம் பரப்பத்தான் அந்தப் பள்ளி. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்றிருந்த காலத்தில் அங்கே பெண்கள் வாசிக்கக் கற்றார்கள். இத்தனை செய்தும், மிஷன் சங்கத்தின் கணக்கில் கணவர் 'மிஷனரி', மனைவி 'உதவி மிஷனரி'. அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் கணவரே.

குடும்பமாக ஊழியத்துக்குப் போனாலும் காட்டுக்குப் போனாலும் கணக்கு ஒன்றுதான். எங்கள் ஊரில் சின்ன வெங்காயம் நடுவதும் களை எடுப்பதும் தாள் அறுப்பதும் பெரும்பாலும் பெண்கள். என் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பியவர், அப்பாவுக்கு 'விவசாயி' என்றும் அம்மாவுக்கு 'இல்லத்தரசி' என்றும் கேட்காமலே எழுதினார்.

தங்கையின் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அம்மாவின் பெயருக்கு நேரே 'விவசாயி' என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

"ஏண்டி, நெலம் உங்கப்பா பேர்லதான இருக்கு?" என்றார் அம்மா.