தம்பூரா எங்கே போயிற்று?

வீட்டுக்கு நல்லதொரு இசைச் சாதனம் வாங்க வேண்டும் என்ற ஆசை எங்கள் இருவருக்கும் திருமணமான நாளிலிருந்தே உண்டு. வீட்டுக்கடன், மகளின் படிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காரணங்கள் வந்து அதைப் பதினெட்டு ஆண்டுகள் தள்ளிவைத்தன. கடைசியில் எங்களைக் கடைவாசல் ஏறவைத்தது ஒரு பழைய கேசட்.

எங்களில் ஒருவரைப் பெற்றவர் அம்மா. இப்போது இருவருக்குமே அம்மாதான். எழுபதைக் கடந்தவர், எங்களோடு இருக்கிறார். இளம் வயதில் தமக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை மேடையில் பாடும்போதெல்லாம் பின்னால் அமர்ந்து தம்பூரா மீட்டியவர். 1979இல் கும்பகோணத்தில் ஒரு கோயில் உற்சவத்தில் நடந்த கச்சேரியை, சிங்கப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவந்த டேப்ரெக்கார்டரில் அப்பா பதிவுசெய்திருந்தார். அப்பா மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்துப் பரணைச் சுத்தம் செய்தபோது அது கையில் அகப்பட்டது. கணினியில் ஏற்றி, கைபேசியில் ஒலிக்கச் செய்தோம். அம்மா கடைசிவரை கேட்டார். பிறகு, “டீச்சர் குரல் நல்லா கேக்குது. தம்பூரா எங்க போச்சு?” என்றார்.

கச்சேரி அழைப்பிதழ்களில் தம்பூரா மீட்டுபவரின் பெயரை அச்சிடும் வழக்கம் அரிது. அந்த மூன்று மணி நேரத்தில் அம்மா அங்கே இருந்தார் என்பதற்கு நான்கு தந்திகளின் ஒலியைத் தவிர வேறு சாட்சி இல்லை. அதையும் கைபேசி விழுங்கிவிட்டது. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் ரிச்சி தெருவில் தொடங்கி, சென்னையில் நாங்கள் கேள்விப்பட்ட கடைகளுக்கெல்லாம் அலைந்தோம்.

வால்வு ஆம்ப்ளிஃபயர்தான் வேண்டும் என்று முன்பே முடிவுசெய்திருந்தோம். இதில் அறிவைவிட ஆசையே மிகுதி. மரப்பெட்டி வானொலியைத் திருகிவிட்டு, உள்ளே மெல்லச் செம்மை படர்ந்து குரல் எழும்வரை காத்திருந்த பிள்ளைப்பருவம் எங்கள் இருவருக்கும் பொது. 1906இல் லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய மூன்று முனை வால்வின் வழித்தோன்றல்கள் அவை. 1947இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்த பிறகு மெல்ல மெல்ல வீடுகளை விட்டு வெளியேறின. ஆயினும் இசை கேட்பவர்களில் ஒரு சாரார் அவற்றைக் கைவிடவே இல்லை. வால்வின் ஒலி இனிமையானது என்பது அவர்கள் கட்சி.

அந்த இனிமைக்குக் காரணம் உண்டு. ஒற்றை டிரையோடு வால்வைக் கொண்டு கட்டிய ஆம்ப்ளிஃபயர், தான் பெருக்கும் ஒலியோடு இல்லாத ஒன்றையும் சிறிது கலந்துவிடுகிறது. கலப்பதில் பெரும்பங்கு இரண்டாம் மடங்கு அதிர்வு. மத்திய ஸ்தாயி ஸட்ஜம் உள்ளே போனால் அதன்மேல் தார ஸட்ஜம் ஒரு துளி சேர்ந்து வெளியே வருகிறது. சுருதிக்குச் சுருதி சேர்வதால் காது அதைப் பிழையாகக் கொள்ளாமல் செழுமையாகக் கொள்கிறது. ஏழாம் மடங்கு அப்படியன்று; கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே நின்று உறுத்தும். சுருங்கச் சொன்னால், இனிமை என்று நாம் கொண்டாடுவது காதுக்கு இசைவான ஒரு பொய்.

முதல் கடையில் அந்தப் பொய்க்கு நாங்கள் முழுமையாக மயங்கினோம். 1938இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் வெளியிட்ட 300பி என்ற வால்வின் பிற்கால வார்ப்பு, பக்கத்துக்கு ஒன்றாக, எட்டு வாட் ஆற்றலோடு ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதனோடு அழகான இரு சிறு ஸ்பீக்கர்கள். வீணை ஒலித்தபோது நாங்கள் பேச்சிழந்தோம். முன்பணம் எடுக்கும் வேளையில், எதற்கும் ஒரு நாகஸ்வரம் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. தவில் நுழைந்ததும் எல்லாம் நசுங்கிப்போயிற்று. கடைக்காரர் பழியை மின்சாரத்தின்மேல் போட்டார்.

அன்றிரவு காகிதத்தில் கணக்குப் போட்டோம். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் இங்கே சொல்கிறோம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் ஸ்பீக்கர் எத்தனை டெசிபெல் ஒலிக்கும் என்பது அதன் உணர்திறன். ஆற்றலை இரட்டித்தால் கூடுவது மூன்றே டெசிபெல். கடையில் கேட்ட ஸ்பீக்கரின் உணர்திறன் 84. எட்டு வாட்டையும் கொட்டினாலும் அது 93ஐத் தாண்டாது. தவிலின் ஓங்கிய அடியோ சராசரி ஒலிக்கு மேல் பதினைந்து, இருபது டெசிபெல் துள்ளும். குறை வால்விலும் இல்லை, ஸ்பீக்கரிலும் இல்லை. பொருந்தாத சம்பந்தம் அது. உணர்திறன் 93 உள்ள ஸ்பீக்கராக இருந்தால், அந்த எட்டு வாட் அங்கே அறுபத்து நான்கு வாட் செய்யும் வேலையை இங்கே செய்துவிடும்.

ஆகவே வரிசையை மாற்றினோம். முதலில் அறை, அடுத்து ஸ்பீக்கர், கடைசியில் ஆம்ப்ளிஃபயர். எங்கள் அறை பன்னிரண்டுக்குப் பத்தடி. உணர்திறன் 93 உள்ள ஒரு ஜோடி, இரண்டாம் கையாக, எழுபதாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. சுவரோரம் வைத்தபோது கீழ்ஸ்தாயி வீங்கியது. பீரோவின் கதவு மிருதங்கத்துக்கு எதிர்த்தாளம் போட்டது. ஸ்பீக்கர்களை ஒன்றரை அடி முன்னே நகர்த்தினோம். பீரோ உள்ளறைக்குப் போனது, அதன் இடத்துக்குப் புத்தக அலமாரி வந்தது. இந்தச் செலவில்லாத மாற்றம் தந்த பலனை எந்தக் கடையும் விற்காது.

ஆம்ப்ளிஃபயரைக் கையால் கட்டித்தருபவர் ஒருவர் இரண்டை வீட்டுக்கே கொண்டுவந்து வைத்தார். ஒன்று அதே 300பி. மற்றொன்று பக்கத்துக்கு இரண்டு இஎல்84 வால்வுகளைக் கொண்ட பன்னிரண்டு வாட் பெட்டி. மரவாடியில் இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து அறுக்கும் ரம்பத்தைப்போல இவ்விரு வால்வுகளும் மாறிமாறி இழுக்கும். அப்படி இழுக்கையில் இரண்டாம் மடங்குப் பிழை ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்கிறது. அதாவது, எந்த இனிமையைத் தேடி வந்தோமோ அதுவே இதில் குறைவு.

எங்களுக்குள் வழக்கு மூண்டது. ஒருவருக்கு வீணையின் இனிமையை விட மனமில்லை. மற்றவருக்குத் தவில் நசுங்கியது மறக்கவில்லை. தீர்ப்புக்குக் கேசட்டைப் போட்டோம். முதல் பெட்டியில் டீச்சரின் குரல் மலர்ந்து அறையை நிறைத்தது. தம்பூரா அந்தக் குரலுக்குள் கரைந்து அதன் நிழலாகிவிட்டது. இரண்டாவதில் குரல் சற்று மெலிந்தது. ஆனால் அதன் பின்னால், டேப்பின் இரைச்சலுக்கு நடுவில், பஞ்சமம், இரண்டு ஸட்ஜங்கள், மந்தர ஸட்ஜம் என்று நான்கு தந்திகளும் தனித்தனியே எழுந்து ஓய்ந்தன. இரண்டாவதையே வாங்கினோம், ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய். நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் ஒன்று இதே வேலையைக் குறைந்த விலைக்குச் செய்திருக்கக்கூடும். ஆசைக்கும் ஒரு பங்கு ஒதுக்கினோம் என்றே கொள்ள வேண்டும்.

ஸ்பீக்கரை இணைக்காமல் இதை இயக்கக் கூடாது என்று கட்டித்தந்தவர் இரண்டுமுறை எச்சரித்தார். பெட்டியின் எடையில் பெரும்பகுதியாக இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள் கருகிவிடக்கூடும். கோடையில் அறை இன்னும் கொதிக்கும் என்பதை எவரும் எச்சரிக்கவில்லை; நாங்களே அறிந்துகொண்டோம்.

எல்லாம் பொருத்தி முடித்த மாலை, அம்மாவை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். வால்வுகள் சூடாகும்வரை மூவரும் பேசாமல் காத்திருந்தோம். கச்சேரி தொடங்கியது. அம்மாவின் வலதுகை விரல்கள், மூட்டுவலியால் மடங்காத விரல்கள், மடியின்மேல் தாமாகவே அசையத் தொடங்கின. எங்களில் ஒருவருக்குக் கண் கலங்கியது. அம்மா கலங்கவில்லை. பத்து நிமிடம் போனதும் நெற்றியைச் சுருக்கினார்.

“பஞ்சமம் இறங்கியிருக்கு” என்றார். “அன்னைக்கு நடுவுல டீச்சர் திரும்பி ஒரு பார்வை பார்த்தாங்க. ஏன்னு இத்தனை வருஷமா தெரியாம இருந்தது. இதுக்குத்தானா?”

சற்றுநேரம் சும்மா இருந்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னார்.