எட்டுக் குடம் தண்ணீர்

திருவிழாவில் பலூன் சுடவைக்கிறவர்களின் ஏர் கன்னைக் கையில் வாங்கிப் பாருங்கள். குழலின் நுனியில் நாலு விரல் அகலத்துக்குத் துரு ஏறியிருக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் கடைக்காரர் அந்த இடத்தைப் பிடித்துத்தான் குழலை மடக்குவார். அவருடைய உள்ளங்கை வியர்வை தின்ற இடம் அது.

விளாத்திகுளத்தில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. கழுகுமலை பங்குனி உத்திரத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது பலூன் கடைக்காரர் ஒருவர் ஆறு ஏர் கன்னைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். “புதுசு கணக்கா நீலக் கருப்பா வேணும் அண்ணாச்சி.” நான் அந்த வேலையைச் செய்ததே இல்லை. ‘ப்ளூயிங்’ என்ற பெயர் தெரியும். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கரைத்த தண்ணீரில் கொதிக்கவைத்தால் இரும்பின் மேல்தோல் கருப்பாகும் என்று காதில் விழுந்திருந்தது. “ஆகட்டும்” என்று முன்பணம் வாங்கிக்கொண்டேன்.

குழல் படுக்க நீளமான தொட்டி வேண்டும். இரும்புத் தகட்டை மடக்கி வெல்டிங் வைத்தால் அரை நாள் வேலை. அந்த அரை நாளைத்தான் மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். சாய்ப்பிலிருந்து கழற்றிய ஜி.ஐ. தகரப் பீலி ஒன்று கொல்லையில் கிடந்தது. இரண்டடி வெட்டி, இரு முனையையும் தகரத்தால் அடைத்து ஈயம் பற்றவைத்தேன். மூன்று கல், சீமைக்கருவேல விறகு. வெப்பமானி வாங்கவில்லை. கொதி வந்தால் தெரியாதா என்ன?

தெரியாது. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். காஸ்டிக் கரையக் கரையக் கொதிநிலை ஏறும்; இந்த வேலைக்கு 140 டிகிரி வாக்கில் நிற்க வேண்டும். அந்தச் சூட்டில் காஸ்டிக் இரும்பைத் தின்னாது. துத்தநாகத்தைக் கரைத்து ஹைட்ரஜனைக் கிளப்பும். ஈயப் பற்றையும் அரிக்கும். குழல்களை ஈயத்தால் ஒட்டிய இரட்டைக் குழல் துப்பாக்கியை இதனால்தான் இந்தத் தொட்டியில் இறக்க மாட்டார்கள். ஜி.ஐ. என்றால் துத்தநாகம் பூசிய தகரம் என்பது தினமும் அதை வெட்டுகிற எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு என் கண்ணுக்கு அது தொட்டியாக மட்டும்தான் தெரிந்தது.

பீலி நுரைத்தது. நல்ல கொதி என்று நினைத்து இரண்டு குழலை உள்ளே விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு முனைப் பற்று விட்டது. காஸ்டிக் தீயில் கொட்டிச் சீறி என் இடது கெண்டைக்காலில் தெறித்தது. சூட்டைவிட அந்த வழவழப்புதான் பயமுறுத்தியது. சோப்பு தடவினாற்போல் இருந்தது. தோலின் கொழுப்பே சோப்பாகிக்கொண்டிருந்திருக்கிறது.

எங்கள் தெருவில் ஆழ்குழாய்த் தண்ணீர் உவர். குடிதண்ணீரைக் குடக் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம். என் மனைவி அடுக்களையில் நிறைத்து வைத்திருந்த எட்டுக் குடத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலில் ஊற்றினாள். பக்கத்து வீட்டு மதினி மோர் ஊற்றச் சொன்னார். யாரோ எலுமிச்சம்பழத்தோடு ஓடிவந்தார்கள். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. தண்ணீர், தண்ணீர், தண்ணீர். அப்படிக் கழுவியதால்தான் புண் ஆழமாகவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ராத்திரி அவள் கேட்டது ஒன்றுதான்: “காலைல காப்பிக்கு என்ன செய்ய?”

இதுவரை சொன்னது எல்லோருக்கும் தெரியும். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போன கால். இனிமேல் சொல்வது என் மனைவிக்குக்கூட ரொம்ப நாள் தெரியாது. ஆறு குழலையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கருப்பு எனாமலில் கொஞ்சம் நீலம் கலந்து அடித்து, ப்ளூயிங் என்று சொல்லி மீதிப் பணத்தையும் வாங்கிவிட்டேன். உத்திரத்தன்று உச்சி வெயிலில் போன் வந்தது. “அண்ணாச்சி, என் கையெல்லாம் கருப்பு. பிள்ளைக சட்டையிலயும் ஒட்டுது.” திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை.

ஐப்பசியில் அந்த ஏர் கன்களைத் திரும்ப வாங்கி வந்தேன், காசில்லாமல் செய்து தருவதாக. இந்தத் தடவை காஸ்டிக் இல்லை. பழைய முறை: குழலை எண்ணெய்ப் பசை போகக் கழுவி, இரு வாயிலும் மர ஆப்பு அடித்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் சிட்டிகை உப்புப் போட்டுத் தடவி, நனைந்த சாக்கு விரித்த மரப்பெட்டியில் தொங்கவிட்டேன். மெல்லிய செந்துரு சீராகப் படர வேண்டும். பங்குனிக் காற்றில் அது லேசில் படராது. அடைமழை ஈரத்துக்கு அரை நாளில் படர்ந்தது. பிறகு தண்ணீரில் கொதிக்கவைத்தால் செந்துரு கருப்பாகும். துருவும் இரும்பு ஆக்சைடு, இந்தக் கருப்பும் இரும்பு ஆக்சைடு. கருப்புக்குப் பெயர் மேக்னடைட். மெல்லிய இரும்புக் கம்பளியால் துடைத்து, மறுபடி துரு, மறுபடி கொதி. ஒரு குழலுக்கு ஆறு தடவை.

முதல் கொதிக்கு ஆழ்குழாய்த் தண்ணீரைத்தான் எடுத்தேன். குழலெல்லாம் வெள்ளைப் புள்ளி. மொட்டைமாடி மழைத் தண்ணீரை என் மனைவி அண்டாவில் பிடித்து வைத்திருந்தாள். கேட்க வாய் வரவில்லை. அவளே இரண்டு குடம் கொண்டுவந்து வைத்தாள். இந்தத் தடவை தொட்டியைத் தகட்டில் வெல்டிங் வைத்துத்தான் செய்திருந்தேன்.

(செய்தி பரவி ஒருவர் ஒற்றைக் குழல் துப்பாக்கியோடு வந்தார். உரிமமில்லாமல் துப்பாக்கியை ரிப்பேர் பார்ப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். திருப்பி அனுப்பினேன். முன்பணம் வாங்கவில்லை என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.)

கடைக்காரர் குழலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பெயிண்டு இல்லையே?” என்று வேட்டி நுனியால் அழுத்தித் தேய்த்தார். எண்ணெய்தான் ஒட்டியது. நல்லா இருக்கு என்றார். சாக்கில் கட்டுமுன் இன்னொரு தடவை தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.