பட்டை உரித்த கைகள்

தேக்கடி படகுத்துறையில் கூட்டம் அலைமோதியது. மூங்கில் தெப்பத்துக்குப் பதிவு செய்திருந்த நாங்கள் கூட்டத்தை விட்டு விலகிக் காட்டுக்குள் நடந்தோம். பயணிகள் பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. கூடவே வழிகாட்டிகள், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். அட்டை ஏறாமலிருக்க முழங்கால் வரை கட்டிக்கொள்ளத் துணியுறை தந்திருந்தார்கள். அப்படியும் ஒன்று என் கழுத்து வரை வந்துவிட்டது.

வழிகாட்டிகளில் மூத்தவர் ஒரு மரத்தின் பட்டையைத் தடவிக் காட்டினார். வயணா, அதாவது காட்டு இலவங்கப்பட்டை மரம்.

"முன்னெல்லாம் இதை உரிச்சு விக்கத்தான் சார் இந்தக் காட்டுக்குள்ள வருவோம்."

குரலில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை.

1996இல் உலக வங்கி உதவியோடு இந்தப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அதன்கீழ் பட்டை திருடியவர்களையே கூப்பிட்டுக் குழு அமைத்தது வனத்துறை. வழக்குகளைக் கைவிட்டது, பதிலுக்கு அவர்கள் ரோந்து போகவேண்டும், பயணிகளை அழைத்துச் செல்லவேண்டும். கடத்தல்காரன் எந்த ஓடை வழியாக வருவான், எங்கே பதுங்குவான் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஆளெடுப்பை நான் கேள்விப்பட்டதில்லை. சம்பளம் நாம் கட்டும் கட்டணத்திலிருந்து போகிறது. திட்டம் 2004இல் முடிந்தபின் பெரியாறு அறக்கட்டளை பொறுப்பேற்றது. 'வசந்த சேனை' என்ற பெயரில் ஊர்ப் பெண்களும் கூலி வாங்காமல் ரோந்து போகிறார்கள்.

நடந்து ஏரிக்கரைக்கு வந்து தெப்பத்தில் ஏறினோம். தெப்பம் நகர்ந்தது. துடுப்புச் சத்தம் மட்டுந்தான். 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்னும் நீரில் நிற்கின்றன. ஒன்றின் உச்சியில் நீர்க்காகம் இறக்கை விரித்திருந்தது. கரையில் யானைகள். அந்த நேரம் பார்த்து சுற்றுலாப் படகு ஒன்று இரைச்சலோடு வர, ஆட்கள் எழுந்து நின்று கூவினார்கள். இதே ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தது காரணமாகச் சொல்லப்பட்டது.

நிலைத்த சுற்றுலா என்று மேடையில் பேசுபவர்கள் சூழல், பண்பாடு, பொருளாதாரம் என்று அடுக்குவார்கள். நான் இரண்டே கேள்வி கேட்பேன்: எத்தனை பேரை உள்ளே விடுகிறார்கள்? காசு யார் கைக்குப் போகிறது? தெப்பத்தில் இரண்டுக்கும் நேரான பதில் உண்டு.

கட்டணம் படகைவிட அதிகம்தான், கொடுக்கலாம். இடம் குறைவு என்பதால் முன்பதிவு செய்துவிட்டே, தேக்கடிக்குப் பக்கத்து ஊரான குமுளிக்குப் பேருந்து ஏறுங்கள்.