பள்ளிக்குச் செல்லும் 25 நிமிடங்கள்

கிழக்கு டெல்லியின் மீள்குடியேற்றக் குடியிருப்புகளில் ஒரே அரசுப் பள்ளிக் கட்டடம் பல இடங்களில் இரண்டு பள்ளிகளாக இயங்குகிறது. காலையில் பெண்களுக்கு, பிற்பகலில் ஆண்களுக்கு. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, அத்தகைய ஒரு காலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தாள் ஒரு மாணவி. தந்தை இ-ரிக்‌ஷா ஓட்டுபவர். தாய் வீட்டிலிருந்தபடியே ஆயத்த ஆடைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பவர். பதினொன்றாம் வகுப்பில் ஓர் அண்ணன், நான்கு வயதில் ஒரு தம்பி. கீழே ஓர் அறை, மாடியில் தகரம் வேய்ந்த ஓர் அறை. வீட்டிலிருந்து பள்ளிக்கு 25 நிமிட நடை. அந்த நடையில் அவளுடன் ஒரு தோழி உண்டு. பாடத்தைவிட அந்த நடைதான் நினைவில் நின்றது என்று பின்னாளில் அவளே சொன்னாள்.

ஊரடங்கில் வீட்டில் இருந்தது ஒரே கைபேசி, அது தந்தையுடையது. பகலில் அண்ணனின் வகுப்புக்கு முன்னுரிமை. வாட்ஸ்அப்பில் வரும் பயிற்சித் தாள்களை அவள் இரவில் பார்த்து எழுதினாள். சமையலில் பாதியும் தம்பியும் அவள் பொறுப்பாயின. கெடுபிடி சற்றுத் தளர்ந்ததும், பால் வாங்கவும் மாவு அரைக்கவும் மாலையில் பந்து விளையாடவும் அண்ணனுக்கு வெளியே போகக் காரணங்கள் இருந்தன. அவளை யாரும் அடிக்கவில்லை, அடைத்து வைக்கவும் இல்லை. வெளியே போவதற்கு அவளுக்கு இருந்த காரணம் ஒன்றே ஒன்று, அது மூடப்பட்டிருந்தது.

2021 ஏப்ரலில் இரண்டாம் அலையின்போது, ஆக்சிஜன் உருளைக்காக ஊரே அலைந்த நாட்களில், பெரியப்பா இறந்தார். அந்த வீட்டுக் குழந்தைகள் இருவர் சில மாதங்கள் இவர்களுடன் தங்கினர். அவர்களையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். துக்கப்படுவதற்கு அவளுக்கு நேரம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 1 அன்று டெல்லியில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டன. எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டார் நினைத்தனர். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் தோழி பீகாரில் உள்ள சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டிருந்தாள், திரும்பி வரவில்லை. தனியாக நடந்து போன இரண்டாம் வாரத்தில் வகுப்பறையிலேயே மூச்சு முட்டியது. கைகள் சில்லிட்டன. ஆசிரியை தண்ணீர் கொடுத்து, என்ன செய்கிறது என்று கேட்டபோது அவள் சொன்ன சொல் ‘கப்ராஹட்’. பதற்றம், படபடப்பு, நெஞ்சு அடைப்பது, அச்சம் ஆகிய அனைத்தையும் ஒருசேரக் குறிக்கும் இந்திச் சொல் அது. உடல் எங்கே முடிகிறது, மனம் எங்கே தொடங்குகிறது என்று அச்சொல் பிரித்துக் காட்டாது. மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை செய்து, சோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மருத்துவர் தவறு செய்யவில்லை. சோகை உண்மையிலேயே இருந்தது. மாத்திரையால் சோகை குறைந்தது, கப்ராஹட் குறையவில்லை.

மதிப்பெண்களும் குறையவில்லை. அந்த ஆண்டு சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புத் தேர்வை இரண்டு பருவங்களாகப் பிரித்து நடத்தியது. அதில் அவள் தேறினாள். அக்காலத்தில் கல்வித்துறை முழுவதும் ஒலித்த சொல் ‘கற்றல் இழப்பு’. அந்த அளவுகோலின்படி அவள் எதையும் இழக்கவில்லை. பிறகு யார் கண்ணில் படுவாள்?

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் தொடங்கப்பட்ட ‘மகிழ்ச்சிப் பாடத்திட்டம்’ எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஒன்பதாம் வகுப்பு முதல் தொழில்முனைவோர் மனப்பாங்கு கற்பிக்கப்பட்டது. வளரிளம் பருவத்தின் கடினமான ஆண்டுகள் தொடங்கும் இடத்தில் மகிழ்ச்சியை முடித்து வணிகத்தைத் தொடங்குவது என்று யார் முடிவு செய்தார்களோ! ஏழிலும் எட்டிலும் அவளுக்கு அந்த வகுப்பு இருந்தது. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்வார்கள் என்பது அவளுக்கு நினைவிருக்கிறது.

2022 ஜனவரி முதல் மார்ச் வரை என்சிஇஆர்டி, நாடெங்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில் பயிலும் சுமார் 3.79 லட்சம் மாணவர்களிடம் மனநலம் குறித்து ஓர் ஆய்வு நடத்தியது. பெயர் எழுதுவது கட்டாயமில்லை. படிப்பு, தேர்வு, தேர்வு முடிவு ஆகியவையே பதற்றத்துக்குக் காரணம் என்று 81 விழுக்காட்டினர் கூறினர். அதன்பின் வந்த கட்டுரைகளும் கருத்தரங்குகளும் தேர்வு அச்சத்தைச் சுற்றியே வந்தன.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணைகளை அதன் அருகில் வைத்துப் பார்க்கும்போது வேறொன்று புலப்படுகிறது. 18 வயது நிறையாதோரின் தற்கொலைகள் 2019இல் 9,613 ஆக இருந்தன. 2020இல் 11,396 ஆயின. அந்த ஆண்டில் மட்டும் இவ்வயதினரில் 6,004 பேர் பெண்கள், 5,392 பேர் ஆண்கள். எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் இந்தியாவில் தற்கொலை செய்துகொள்வோரில் பத்தில் ஏழு பேர் ஆண்கள். 18 வயதுக்குக் கீழே இந்த விகிதம் தலைகீழாகிறது. இவ்வயதினருக்குக் காவல்துறை பதிவு செய்த காரணங்களில் முதலிடம் பெறுவது தேர்வுத் தோல்வி அன்று, ‘குடும்பப் பிரச்சினை’.

இவ்விரு தரவுகளையும் அப்படியே எதிரெதிரே நிறுத்துவது முறையாகாது. ஒன்று உயிரோடிருக்கும் பிள்ளைகளின் சொல். மற்றொன்று இறந்த பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் சொல்லிக் காவலர் எழுதியது. ‘குடும்பப் பிரச்சினை’ என்பது எதை வேண்டுமானாலும் போட்டுக் கட்டக்கூடிய மூட்டை. ஆயினும் ஓர் ஐயம் எழாமல் இல்லை. இந்திய இல்லங்களில் ஒரு பிள்ளைக்கு அனுமதிக்கப்பட்ட துயரம் ஒன்றே: ‘படாயீ கீ டென்ஷன்’, படிப்புக் கவலை. அதைச் சொன்னால் பரிவு கிடைக்கும், ஒருவேளை பாதாமும் கிடைக்கும். வீட்டைப் பற்றிய கவலையைச் சொல்வது வீட்டைக் காட்டிக்கொடுப்பதாகும். பெயர் எழுதாத தாளிலும் அது எளிதன்று. அந்த 81 விழுக்காட்டில் எத்தனை பேர் சொல்லக்கூடியதை மட்டும் சொன்னார்கள் என்று எந்த ஆய்வுக் கருவியாலும் பிரித்தெடுக்க இயலுமா?

அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஜூலையில் கல்வி அமைச்சகம் ‘மனோதர்பண்’ திட்டத்தைக் கட்டணமில்லா உதவி எண்ணோடு தொடங்கியது. 2022 அக்டோபர் 10 அன்று ‘டெலி-மானஸ்’ வந்தது. 14416 என்ற அதன் எண்ணை எந்த நேரத்திலும், தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அழைக்கலாம். பலர் அழைக்கிறார்கள், பயன் பெறுகிறார்கள். அவளுடைய பள்ளிச் சுவரிலும் உதவி எண் ஒட்டப்பட்டிருந்தது. அவள் அதைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தாள். ஆனால் தந்தையின் கைபேசியில், ஒரே அறையில், தாய் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும்போது அவள் என்ன பேச முடியும்? தொலைபேசி வழி உதவி, அழைப்பவருக்குக் கதவு மூடிய ஓர் அறை இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. வளரிளம் பெண்ணுக்கு இங்கே அத்தகைய அறையாக இருந்தது பள்ளி. கட்டடம் கூட இல்லை. அதற்குப் போகும் வழி.

பதினொன்றாம் வகுப்பில் ஆலோசகர் ஒருவர் வந்தார். ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளைக் கவனிப்பவர், வாரத்தில் சில நாட்களே அங்கிருப்பார். அவருக்கு ஒதுக்கப்பட்ட இடம் விளையாட்டுப் பொருட்கள் வைக்கும் அறை. ஒடிந்த கேரம் பலகைக்கும் கயிறுகளுக்கும் நடுவே இரண்டு நாற்காலிகள். அவர் சிகிச்சை என்று பெரிதாக எதுவும் செய்யவில்லை. மூச்சு முட்டும்போது என்ன நடக்கிறது, அது ஏன் உயிரைப் பறிக்காது என்று விளக்கினார். பெரியப்பாவைப் பற்றிக் கேட்டார்; அவளிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். பிறகு அதே தெருவழியே வரும் ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அவளோடு சேர்ந்து வரச் சொன்னார். கப்ராஹட் முற்றிலும் போய்விடவில்லை. மாதக்கணக்கில் வராமல் இருக்கும் அளவுக்குக் குறைந்தது.

2024இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். அண்ணன் கல்லூரிக்குப் போய் வந்துகொண்டிருந்ததால், அவளுக்குக் கிடைத்தது தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. கட்டணம் குறைவு, வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பது தந்தையின் கணக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நேரடி வகுப்புகள் உண்டு. கட்டணமின்றிப் பேருந்தில் போய் வருகிறாள். வகுப்பு பிற்பகல் ஒரு மணிக்கே முடிந்துவிடுகிறது. நான்கு மணி வரை உண்டு என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள்.