திரேஸ்புரத்தில் எங்கள் ஊர்க்காரன்

"ஒங்க ஊர்க்காரன் ஒருத்தன் இங்க வந்து கெடக்கான், பாத்தியளா?" என்றார் அண்ணாச்சி. நான் குற்றாலத்தான் என்று சொல்லி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் கை காட்டிய மொட்டைமாடியில், காயப்போட்ட கருவாட்டுக்கு நடுவில் ஒரு குரங்கு!

தூத்துக்குடி திரேஸ்புரத்துக்கு நான் போனது சங்கு குளித்து ஓய்ந்தவரிடம் முத்துக் கதை கேட்க. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு இல்லை. அப்போது சிறுபையனாகப் படகேறியவர் இந்த அண்ணாச்சி.

அருவிக்கரையில் வளர்ந்தவனுக்குக் குரங்கின் மேல் பாசம் கிடையாது. எண்ணெய்ப் பாட்டில், சோப்பு, கையில் இருக்கும் வடை எல்லாம் அதுகளுக்குத்தான். கும்பலாக வரும், கும்பலாக ஓடும். ராத்திரியானால் ஒரே கிளையில் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு தூங்கும். குரங்கு என்றாலே எனக்குப் பன்மை. இப்படி ஒற்றையாகப் பார்த்ததும் திட்டக்கூட வாய் வரவில்லை.

செங்கோட்டையில் மரம் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் ஏறி வந்ததாம். டீக்கடைக்காரர் சொன்னார். வனத்துறைக்கு போன் போட வேண்டும் என்று குதித்தவரும் அவர்தான். பன் பாக்கெட் போகிறதே. கருவாடு காயப்போடும் அக்காமார் விடவில்லை. "மீனத் தொடாது. காக்காய வெரட்டுது. நீரு வெரட்டுவீரா?" அவர் கிளாஸை ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவன் தனியாகக் கிளம்பியதில் அதிசயமில்லை. வாலிபம் வந்தால் ஆண்குரங்கு பெரும்பாலும் பிறந்த கூட்டத்தை விட்டுக் கிளம்பிவிடும். தாயோடு தங்குவது பெண்கள். கடலுக்கு அக்கரையில், இலங்கையின் செங்குரங்கிலும் இதே வழக்கம். பொலன்னறுவையில் 1968 முதல் வுல்ஃப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் அவற்றைக் கவனித்து எழுதிவந்தார். அயல்கூட்டத்தில் நுழைகிறவன் ஆள் பிடிக்க வேண்டும். நம் நாட்டுக்குரங்கில் வளர்ந்த ஆண்களே ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும். இதன் உறவான மற்ற மக்காக் குரங்கினங்களில் இது அவ்வளவு சாதாரணமில்லை.

இதை நான் அளந்துகொண்டிருக்க, அண்ணாச்சி கயிற்றுக்குத் தாவினார். கல் கட்டி முத்துக்கு இறங்குகிறவனின் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்களாம். தங்கச்சி தாலியறுக்க எவன் சம்மதிப்பான்? அண்ணன் தம்பியை நம்பமாட்டார்களா என்றேன். "சொத்துல பங்கு இருக்குல்லா" என்று சிரித்தார்.

அதற்குள் குரங்கு தெருவில் இறங்கியிருந்தது. நிழலில் படுத்திருந்த வெள்ளாட்டின் காதைப் பிடித்து விரித்து, உண்ணி பொறுக்க ஆரம்பித்தது. ஆடு கண்ணை மூடிக்கொண்டது. தினமும் நடப்பதுதானாம், ராத்திரிப் படுக்கையும் அதன்மேல் சாய்ந்துதானாம்.

"இங்க அவனுக்கு மச்சான் இல்லல்லா. ஆட்டப் புடிச்சிக்கிட்டான்."

நான் குனிந்து உற்றுப் பார்த்தேன். சட்டென்று வாயைப் பிளந்து, புருவத்தைத் தூக்கி என்னை முறைத்தது.

"கண்ணுக்குள்ள பாக்காதிய தம்பி!" என்று என்னைப் பின்னால் இழுத்தார் அண்ணாச்சி. குரங்கின் கண்ணை நேராகப் பார்த்தால் அது சண்டைக்கு அழைப்பு. குற்றாலத்தில் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சொல்வதே அதுதான். கடற்கரைக்காரர் சொல்லித்தர வேண்டியதாயிற்று.

பஸ் ஏறிய பிறகுதான் கவனித்தேன். அவனைக் கண்ட மாத்திரத்தில், பழக்கதோஷம், மக்ரூன் பொட்டலத்தைச் சட்டைக்குள் செருகியிருக்கிறேன். அவன் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. உள்ளே எல்லாம் நொறுங்கி முந்திரிப் பொடியாகக் கிடந்தது. கோவில்பட்டி வரும்வரை விரலால் தொட்டு நக்கிக்கொண்டு வந்தேன்.